பேதுருவுக்குக் குரல் கொடுத்தவன்

எங்கள் குடியிருப்பில் எந்தப் பிள்ளை தப்புச் செய்து பிடிபட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். தண்ணீர்ப் பீப்பாயில் மண்ணைப் போட்டது யார் என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கட்டையாக்கி, "அந்த ஆளை எனக்குத் தெரியாது!" என்று கத்திவிட்டு ஓடும். விளக்குமாற்றை ஓங்கின தாய்மார்கள் ஓங்கினபடியே சிரித்துவிடுவார்கள். அது யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரியும். கசிமீரோவின் குரல். வேதம் சொல்கிற பெட்டிக்குள் பேதுருவாகப் பேசுகிறவன் அவன்தான்.

முன்பெல்லாம் கசிமீரோவும் சேர்ந்து சிரிப்பான். "இன்னும் கொஞ்சம் கட்டையா சொல்லுடா" என்று திருத்துவான். இந்தப் பருவத்தில் சிரிப்பதில்லை. தன் மகள் பெலென்கூட அப்படிக் கத்திவிட்டு வேலிக்குப் பின்னால் ஓடினபோது, துரத்திப் போய் முதுகில் ஓர் அடி வைத்தான். அடித்த கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் மனைவி எர்மீனியா வாசலில் சுண்ணாம்பில் ஊறின சோளத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விளையாட்டுக்குச் சொன்ன பிள்ளைய எதுக்கு அடிச்சே?"

"வேத வார்த்தைய வெச்சு விளையாடலாமா?"

"போன வருஷம் நீதானே சொல்லிக் கொடுத்தே?"

அவன் தண்ணீர் லாரி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். லாரி அன்றைக்கு வராது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாட்டின் வடக்குக் கடலோரத்தில் இருக்கிற இந்தச் சான் கின்தீன் பள்ளத்தாக்குக்கு எங்களவர்கள் வந்தது தக்காளி பறிக்க. பிறகு முதலாளிகள் ஸ்ட்ராபெரிக்கு மாறினார்கள், நாங்களும் மாறினோம். குனிவதில் மாற்றமில்லை. ஸ்ட்ராபெரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வாசனையை எழுதுகிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த பாத்திகளுக்கு நடுவே விடியலிலிருந்து முதுகை மடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு பூச்சிமருந்து நாற்றம்தான் தெரியும். காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் வந்து சட்டையை நனைக்கும். மத்தியானம் காற்று வந்து அதே சட்டையில் மண்ணை அப்பும்.

தெற்கே மலையில் இருந்தபோது எங்கள் மிஷ்டெக் மொழி ஒன்றே போதுமாக இருந்தது. இங்கே மேஸ்திரி ஸ்பானிய மொழியில் ஏசினான், ஆஸ்பத்திரியில் அதே மொழியில் விரட்டினார்கள், டவுனிலிருந்து ஞாயிறுதோறும் வந்த போதகரும் அதே மொழியில்தான் ஆசீர்வதித்தார். ஏச்சுக்கும் ஆசீர்வாதத்துக்கும் ஒரே மாதிரி தலையாட்டப் பழகியிருந்தோம். போகும்போது போதகர், "தினமும் வேதம் வாசியுங்கள்" என்பார். எழுத்தே தெரியாத சனத்தைப் பார்த்து வாரம் தவறாமல் அதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போக அவருக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

அப்புறம் மிஷன்காரர்கள் வந்தார்கள். எங்கள் மொழியில் வேதத்தைப் பேசிப் பதிவுசெய்ய வேண்டும், குரல்கள் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைச் சுற்றிக் கம்பளியும் மெத்தையும் தொங்கவிட்டார்கள், சேவல் சத்தம் உள்ளே வராமல் இருக்க. கசிமீரோ அப்போது குடிகாரன். அங்கே சூப் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனான். அவன் குரலைக் கேட்டதும் பேதுருவைக் கொடுத்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாதென்பதால் காதில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வார்கள், அவன் திருப்பிச் சொல்வான். முன்னும் பின்னும் என்ன கதை என்று அவனுக்குத் தெரியாது.

பிடிபட்ட ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை சொல்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள்.

"அண்ணே, பயம் வரல. பயந்து சொல்லுங்க" என்றான் பதிவு செய்கிற பையன்.

"பேதுரு பெரிய ஆளுன்னு சொன்னியே தம்பி. பெரிய ஆளு எதுக்குப் பயப்படணும்?"

"அந்த இடத்துல பயந்துட்டாருண்ணே."

கசிமீரோ மூச்சை இழுத்துக் கூரை அதிரக் கத்தினான், அந்த ஆளைத் தனக்குத் தெரியாது என்று. பையன் சலித்துப்போய் அதையே வைத்துக்கொண்டான்.

பெட்டி வந்தது. பச்சை நிறம், ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. வெயிலில் வைத்தால் ஓடும். வெயில் இல்லாவிட்டால் பக்கத்தில் செருகியிருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் ஓடும். எர்மீனியாவின் வீட்டு முன்னறைதான் கூடுகிற இடம். தகரக் கூரை, ஒட்டுப்பலகைச் சுவர், கவிழ்த்த பழப்பெட்டிகள் நாற்காலி. முதல் நாள் பெட்டி பேசத் தொடங்கினதும், எங்களோடு பழம் பறிக்கிற செனாய்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கடவுள் என் மாமியார் மாதிரியே பேசுறாரு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். அத்தனை வருஷம் தலையாட்டினதற்கெல்லாம் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

கூடுகிறவர்களே தங்களுக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டார்கள். ஓர் அதிகாரம் கேட்பது. பெட்டியை நிறுத்துவது. ஒருவர் எழுந்து, கேட்டதைத் தன் வாயால் முழுக்கச் சொல்வது. விட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள், சண்டை வந்தால் மறுபடி ஓட்டுவார்கள். சொல்லி முடிக்காமல் யாருக்கும் சோறு கிடையாது. அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும், சப்பாத்திக்கள்ளி மடல் வதங்குகிற வாசம் வரும், ஆனாலும் முடிக்கவேண்டும். திங்கட்கிழமை பாத்தியில் அதே அதிகாரம் தொடரும். ஒரு வரிசையிலிருந்து ஒருத்தி கேட்பாள், "அந்தக் குஷ்டக்காரன் பத்துப் பேருல எத்தன பேரு திரும்பி வந்தான்?" நாலு வரிசை தள்ளிப் பதில் வரும். நிக்கானோர் என்று ஒருத்தன், வாய் ஓயாதவன், குடியை விட்டது அப்படித்தான். "கோழி மாதிரி பூரா நாளும் ஒரே வார்த்தையக் கொத்திக்கிட்டே இருந்தா, குடிக்க எங்கய்யா நேரம்?" என்பான்.

கசிமீரோவை மாற்றினது அவன் குரல்தான். ஒரு ஞாயிறு, தலைவலியோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். உங்களை விட்டு நாங்கள் யாரிடம் போவோம் என்று பேதுரு ஆண்டவரிடம் கேட்கிற இடம் வந்தது. தன் வாயால், முன்பின் தெரியாமல் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அது அவனிடமே வந்து கேட்டது. அடுத்த வாரம் ஞானஸ்நானத்துக்கு நின்றான். அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. தன் குரலைக் கேட்டுத் தானே மனம் திரும்பினவன் உலகத்தில் இவன் ஒருவன்தான் என்றான் நிக்கானோர். கேலியோ இல்லையோ, உண்மை அதுதான்.

அந்த ஆள்தான் ரோசெந்தோவைத் தெரியாது என்றான்.

ரோசெந்தோ செனாய்தாவின் புருஷன். பெலெனுக்கு ஞானத்தகப்பன். எங்களவர்களில் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவனை அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடவேண்டும், அவன் பெண்டாட்டியைக் கொமாத்ரே. கூடப் பிறந்தவனைவிட ஒருபடி மேல். சண்டை வந்தாலும் 'நீங்க'தான்.

நெட்டை ஆள், பேசமாட்டான். ஆள் பறித்துக்கொண்டிருக்கும்போதே பூச்சிமருந்து அடிக்கிற டிராக்டரை வரிசைக்குள் விடுவது இங்கே வழக்கம். அன்றைக்கு வாயும் வயிறுமாக இருந்த செனாய்தா பாத்தியிலேயே வாந்தியெடுத்து விழுந்தாள். ரோசெந்தோ நடந்து போய் டிராக்டருக்கு முன்னால் நின்றான். "பொம்பளைங்க வெளிய போகட்டும். அப்புறம் அடி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் டிராக்டர் நின்றுவிட்டது. நின்றதுதான் குற்றம்.

மறுநாள் காலை பனிமூட்டத்தில் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. வடக்கே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பேருந்துகளில்தான் எங்களை ஏற்றுவார்கள். செனாய்தா வரவில்லை, படுத்திருந்தாள். மேஸ்திரி ராமிரோ படியில் நின்றுகொண்டு ரோசெந்தோவின் மார்பில் கையை வைத்தான். இங்கே யாரையாவது வேலைக்கு எடுத்தால் அவனுக்கு ஒருத்தன் பொறுப்புச் சொல்லவேண்டும். சொன்னால் ஒரு ஏச்சோடு போய்விடும், சொன்னவனும் மேஸ்திரியின் கண்ணில் விழுவான். சொல்லாவிட்டால் அந்த ஆள் இந்தப் பண்ணையில் மட்டுமில்லை, பள்ளத்தாக்கில் எந்தப் பண்ணையிலும் ஏறமுடியாது. மேஸ்திரிகள் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிவிடுவார்கள்.

"இவனுக்கு யாரு பொறுப்பு?" ராமிரோ கேட்டான். "ஏய் கசிமீரோ, இந்த ரோசெந்தோ உன் ஆளா? உனக்குத் தெரிஞ்சவனா?"

கசிமீரோவின் ஒரு கால் படியில் இருந்தது. அவன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ராமிரோவுக்குக் கேட்டது, ரோசெந்தோவுக்குக் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

பாத்தியில் பக்கத்து வரிசைக்காரி கேட்டாள், "அது உங்க கொம்பாத்ரே இல்ல?" "சும்மா, ஒரே ஊரு" என்றான்.

ரோசெந்தோ பண்ணை பண்ணையாக அலைந்தான். பிறகு, குழந்தை பிறந்து முகம் பார்த்த கையோடு, எல்லைப் பாலைவனத்தைத் தாண்டி அடுத்த நாட்டில் வேலை தேட வடக்கே போனான். யார் பொறுப்புச் சொல்லாமல் விட்டது என்று செனாய்தா கேட்டதற்கு, "யாரோ" என்றானாம். அதைச் சொல்லிவிட்டு அவள் கசிமீரோவின் வாசலில் நின்று கேட்டாள்.

"நீங்க அந்தப் பஸ்ஸுலதானே இருந்தீங்க கொம்பாத்ரே. யார மேஸ்திரி கேட்டான்?"

"தெரியாது கொமாத்ரே. பனி. ஒண்ணும் தெரியல."

அவள் நம்பினாள். பாலைவனத்துக்குள் போன ரோசெந்தோவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. செனாய்தா கைக்குழந்தையை எர்மீனியாவிடம் விட்டுவிட்டுப் பறிக்கப் போனாள். கசிமீரோ அவளுடைய பீப்பாய்க்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான், கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தான். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

அவன் தனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்: ரோசெந்தோ என்ற பெயரை நான் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. எனக்கு அவர் கொம்பாத்ரே. மேஸ்திரி கேட்ட பெயரைத் தெரியாது என்றதில் முழுப் பொய் இல்லை. இதைப் பனியில் குனிந்தபடி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். பாத்தி முடிவதற்குள் அது செத்துவிடும்.

ஞாயிறுகள் நகர்ந்தன. பெட்டி லூக்கா சுவிசேஷத்தில் இருந்தது, இரண்டாம் சுற்று. வாரம் ஓர் அதிகாரம். வரி வசூலிக்கிற குள்ளன் மரத்தில் ஏறினான், கழுதைக்குட்டி வந்தது, கோவிலில் விதவை காணிக்கை போட்டாள். கசிமீரோவுக்கு வழி தெரியும். அடுத்த ஞாயிறு, முற்றத்தில் மூட்டின நெருப்பு. அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள். உற்றுப் பார்க்கிற வேலைக்காரி. அவன் குரல்.

சனிக்கிழமை பாத்தியில் நிக்கானோர் தொடங்கினான். "நாளைக்கு நம்ம நட்சத்திரத்தோட நாளுய்யா! பிள்ளைங்கல்லாம் முன்வரிசைக்குச் சண்ட போடுது."

"எனக்குக்கூட அந்த இடம் வந்தா சிரிப்புத்தான்" என்றாள் செனாய்தா, பழத்தைக் கிள்ளிப் போட்டபடி. "பாவம், அந்த மனுஷன் பயந்து சாகுறாரு, நம்ம கொம்பாத்ரே தண்ணி லாரிக்காரன் மாதிரி கத்துறாரு."

சுற்றிலும் சிரித்தார்கள். கசிமீரோ பழப்பெட்டி நிறையாமலே எடுத்துக்கொண்டு வரப்புக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் வேதப் பெட்டியின் கைப்பிடியைக் காணோம். ஒரு வாரமாகப் பனி விலகவில்லை, வெயிலில் வைக்க வழியில்லை. எர்மீனியா முன்னறை முழுக்கத் தேடினாள், பிள்ளைகளை மிரட்டினாள். பெலென் அழுதுகொண்டே சொன்னது, "சத்தியமா நான் எடுக்கலம்மா." வழக்கமான கத்தல்கூட அதன் வாயில் வரவில்லை. பிறகு துணி துவைக்க உட்கார்ந்தபோது, புருஷனுடைய ஈர மேல்சட்டையின் உள்பையில் எர்மீனியாவின் விரல் பட்டது. எடுத்துப் பார்த்தாள். தோள்துணி முனையில் முடிந்துகொண்டாள். அவள் ஏற்கெனவே பாதி ஊகித்திருந்தாள் என்பது என் எண்ணம். ஒருத்தி வீட்டுப் பீப்பாய்க்கு அத்தனை தண்ணீர் சும்மா யாரும் சுமக்கமாட்டான்.

ஞாயிறு எல்லோரும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் முன்னால். செனாய்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவர் ஓரம். கசிமீரோ கதவுப் பக்கம் நின்றபடியே சொன்னான், "பெட்டி ஓடாதுங்க. கைப்பிடி தொலைஞ்சு போச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம். எல்லாரும் சாப்பிடுங்க."

"அதிகாரம் சொல்லாம சாப்பாடா?" என்றான் நிக்கானோர். "எர்மீனியாக்கா, முறை மாறிடுச்சா?"

"மாறல" என்றாள் எர்மீனியா. ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். "பெட்டி இல்லன்னா என்ன? பெட்டிக்குள்ள பேசுனவரு இங்கதான நிக்கிறாரு. அவரே சொல்லட்டும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். "பேதுரு! பேதுரு!"

"எனக்குப் பூரா நெனப்பில்ல."

"விட்டத நாங்க எடுத்துக்கொடுக்கிறோம் கொம்பாத்ரே" என்றாள் செனாய்தா. "வாங்க, வந்து உட்காருங்க."

வேறு வழியில்லாமல் ஒரு பழப்பெட்டியில் உட்கார்ந்தான். தொடங்கினான். பண்டிகைச் சாப்பாடு. அப்பத்தைப் பிட்டது. உங்களோடு சாவுக்கும் வருவேன் என்று பேதுரு வீம்பு பேசினது. அதில் அவன் குரல் நன்றாகவே இருந்தது, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. தோட்டத்தில் சீஷர்கள் தூங்கினதைச் சொன்னான். காது அறுந்தவன் கதை விட்டுப்போனதை நிக்கானோர் எடுத்துக்கொடுத்தான். "பிடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றான் கசிமீரோ. "பேதுரு பின்னாலயே போனாரு. பக்கத்துல போகல. தூரமா."

நிறுத்தினான். தண்ணீர் கேட்டான். பெலென் கொண்டுவந்து கொடுத்தது.

"முற்றத்துல நெருப்பு மூட்டியிருந்தாங்க. குளிரு. பேதுருவும் போய் உட்கார்ந்தாரு. ஒரு வேலைக்காரி நெருப்பு வெளிச்சத்துல அவர உத்துப் பாத்து, இந்த ஆளும் அவரோட இருந்தவன்தான்னு சொன்னா."

பிள்ளைகள் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தின, சேர்ந்து கத்துவதற்கு.

கசிமீரோ தன் காலைப் பார்த்தான். "தெரியாது" என்றான்.

அது பெட்டியில் இருக்கிற குரல் இல்லை. தொண்டைக்குக் கீழே எங்கிருந்தோ, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வழியில் ஒரு கல்லை ஒதுக்குகிறவன் மாதிரி. பயந்தவன் கத்துவதில்லை. அந்தப் பதிவு செய்கிற பையன் கேட்டது அன்றைக்குத்தான் வந்தது. கத்தக் காத்திருந்த பிள்ளைகள் திகைத்துப்போய் ஒன்றையொன்று பார்த்தன. அடுப்பில் ரொட்டி கருகினது, எர்மீனியா திருப்பவில்லை.

செனாய்தா குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினாள். அவள் புருஷன் எப்படி வேலையிழந்தான் என்பது அவளுக்கு இத்தனை நாள் பனிக்குள் இருந்தது. அந்தக் குரலில் அது விலகிவிட்டது.

"இப்படியா சொன்னே?" என்றாள்.

நீங்க இல்லை. நீ.

கசிமீரோ ஆமென்று தலையை ஆட்டினான்.

"அவரு பக்கத்துல நின்னாரா?"

"ஒரு கை தூரம்."

"பாத்தாரா உன்ன?"

அதிகாரத்தில் அடுத்து வருவது அதுதான். சேவல் கூவும், ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்ப்பார். அறையில் எல்லோருக்கும் அது மனப்பாடம். அவனுக்கும் தெரியும். "பாத்தாரு கொமாத்ரே" என்றான். "கோவமாப் பாக்கல. அதான்... கோவமாப் பாத்திருக்கலாம்."

"எத்தன தடவ சொன்னே?"

அவன் யோசித்தான். "மேஸ்திரிகிட்ட ஒண்ணு. பாத்தியில ஒருத்திகிட்ட ஒண்ணு. ரெண்டு."

"என் கேள்விக்குச் சொன்னத எதுல சேத்தே?"

நிக்கானோர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். "வாய மூடு" என்றாள் எர்மீனியா. முடிச்சை அவிழ்த்துக் கைப்பிடியை எடுத்து, மூலையில் இருந்த பெட்டியின் மேல் வைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சுற்றப் போகவில்லை.

"மிச்சத்தச் சொல்லு" என்றாள் செனாய்தா. "பாதியில விடக்கூடாது. பிள்ளைங்க பசியா இருக்கு."

"பேதுரு... வெளிய போய்..." கசிமீரோ எழுந்தான். கை கதவுப் பலகையைத் தேடினது. "வெளிய போய், மனங்கசந்து..."

"உட்காரு கசிமீரோ."

கொம்பாத்ரேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். எங்களவர்களிடையே அதைவிடப் பெரிய அறை இல்லை. அவன் அப்படியே உட்கார்ந்தான்.

"பேதுரு வெளிய போய் அழுதாரு. அவருக்கு வெளிய போக எடமிருந்துச்சு. நீ இங்கயே, என் முன்னால அழு. எங்க வீட்டு மனுஷன் உன் பேரச் சொல்லாம 'யாரோ'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. உன் பொண்ணுக்கு அவரு ஞானத்தகப்பன்."

அவன் அழுதான். அழகாக ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகினது, பிள்ளைகளுக்குப் பயம் வந்தது. பெலென் மட்டும் பக்கத்தில் வந்து நின்றது, தொடவில்லை. அதிகாரத்தின் கடைசியை, ஆண்டவரைக் கண்ணைக் கட்டி அடித்ததையும் விசாரணையையும், அவன் அழுகைக்கு நடுவிலேயே சொல்லி முடித்தான். விட்டதைச் செனாய்தா எடுத்துக்கொடுத்தாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் சாப்பிடவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. டவுன் போதகர் இருந்திருந்தால் உடனே இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து ஜெபித்திருப்பார். நல்லவேளை, அவருக்கு எங்கள் மொழி தெரியாது.

போகும்போது செனாய்தா வாசலில் நின்றாள். "வேதத்தக் கேட்டுட்டுச் சும்மா வீட்டுக்குப் போறதுக்கா இத்தன வருஷம் கேட்டோம்?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

திங்கள் காலை பேருந்து பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. செனாய்தா முதலில் ஏறிக் கடைசிக்குப் போனாள். ஆட்கள் ஏறினார்கள். கசிமீரோ கடைசியாக வந்து படியில் கால் வைத்தான். ஏறவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, தோன் ராமிரோ. ரோசெந்தோவ எனக்குத் தெரியும்" என்றான், தன் உடைந்த ஸ்பானிய மொழியில். "அவரு என் கொம்பாத்ரே. அவருக்கு நான் பொறுப்பு."

ராமிரோ பேனாவைக் காதில் செருகினான். "எந்த ரோசெந்தோ?"

கசிமீரோ இதற்குத் தயாராக வரவில்லை. ஏச்சுக்குத் தயாராக வந்திருந்தான், வேலை போவதற்கும் தயாராக வந்திருந்தான். எர்மீனியாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். "நெட்டையா இருப்பாரு. மருந்து டிராக்டர் முன்னால நின்னாரே. நீங்க எங்கிட்ட கேட்டீங்க."

"நான் தினமும் நூறு பேரக் கேக்குறேன்." ராமிரோ நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான். ஒரு பிள்ளைக்காரனைப் பாலைவனத்துக்குள் தள்ளினது அவன் ஞாபகத்தில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. "சரி, எங்க அவன்?"

"வடக்க போயிட்டாரு. தெரியல."

"இல்லாதவனுக்கு எதுக்குடா பொறுப்பு? ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா எறங்கு, கதவ மூடணும்."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் போகவில்லை. கசிமீரோ உள்ளே ஏறினான். காலியாக இருந்த சீட்டில் உட்காராமல், ஓட்டுநருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராமிரோவுக்கு முதுகைக் காட்டி, எங்கள் ஆட்களைப் பார்த்துத் திரும்பினான். எங்கள் மொழியில் சொன்னான்.

"அன்னைக்கு மேஸ்திரி கேட்டது என்னத்தான். தெரியாதுன்னு சொன்னது நான்தான். அவரு செஞ்சது சரி. அவரு என் கொம்பாத்ரே."

பேருந்து கிளம்பிவிட்டது. கம்பிகளும் கண்ணாடிகளும் கடகடவென்று ஆடின. வாளியை மடியில் வைத்துக்கொண்டு செனாய்தா ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"சத்தமாச் சொல்லு. கடைசி சீட்டுக்குக் கேக்கல."